அரைப்படித் தாலாட்டு

வீரையன் முதன்முதலாக மேடையேறிப் பாடியபோது கூட்டத்தில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப்பேர் தூங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அது விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டம். எழுபதாம் வருஷத்துத் தை மாதம். ஆலங்கோட்டகத்தில் சம்பாக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூட்டிக் கொடுக்காவிட்டால் அரிவாளைத் தொடுவதில்லை என்று கீழத்தெரு முடிவு செய்திருந்தது. கொடுப்பதில்லை என்று அக்ரகாரம் முடிவு செய்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், எந்தப் பக்கமும் சேராமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஜில்லா முழுக்க அப்போது இப்படித்தான் இருந்தது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பார்கள், சங்கத்து ஆட்கள் போய் மறிப்பார்கள், போலீஸ் வேன் வந்து நிற்கும். சில ஊர்களில் அதைவிடக் கொடியவை நடந்தன. அவற்றை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. ஆலங்கோட்டகத்தில் ஆண்டவன் அருளால் அப்படி எதுவும் நடக்கவில்லை. இங்கே நடந்தது தூக்கம்.

வீரையனுக்கு இருபத்தோரு வயது. கீழத்தெருக் காத்தாயியின் ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன். பாட்டுக் கட்டுவதைத் தவிர உலகத்தில் வேறு ஆசை இல்லாதவன். கண்ணால் கண்ட அநியாயத்தையெல்லாம் பாட்டாகக் கட்டினான். மேடையில் நின்று அவன் அன்று பாடியது இதுதான்:

“அரைப்படி நெல்லு கேட்டோம் – நாங்க
ஆகாசத்தையா கேட்டோம்?
கரைமேல தூளி கட்டி – எங்க
கண்ணை விட்டு வயல் எறங்கினோம்.”

வார்த்தைகளில் குறை சொல்ல முடியாது. குரலிலும் குறை இல்லை. ராகம்தான் வினை. பாட்டு இரண்டாம் சுற்று வருவதற்குள் முன்வரிசையில் இருந்த கிழவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். குழந்தைகள் தாய் மடியில் சுருண்டன. பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் லத்தியைக் கட்டிக்கொண்டு உறங்கினார். சங்கச் செயலாளர் இராஜாங்கம் பாட்டு முடிந்ததும் பாய்ந்து வந்து, முஷ்டியை உயர்த்தி, “உழைப்பவனுக்கே!” என்று முழங்கினார். “உலகம்!” என்று பதில் வரவேண்டும். ஒரே ஒரு குறட்டை வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு இராஜாங்கம் வீரையனைத் தனியாக அழைத்தார். அவர் நல்ல மனிதர். இரண்டு முறை சிறைக்குப் போனவர். சிரிப்பதை மட்டும் எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்தவர்.

“தம்பி, இது கூட்டமா, தூளிக் கொட்டகையா?”

“பாட்டு நல்லால்லையா தோழரே?”

“நல்லாருக்கு. அதான் கஷ்டம். எனக்கே கண்ணு சொக்குது. நாலு நாள்ல தாலுக்கா ஆபீசுல பேச்சுவார்த்தை. அதுக்கு முந்தின சாயங்காலம் இங்க இன்னொரு கூட்டம் போடுறோம். அன்னிக்கி உன் பாட்டைக் கேட்டு ஒரு ஆளாவது ஆவேசமா எந்திரிச்சு வரணும். ஒரே ஒரு ஆளு போதும். இல்லேன்னா பட்டுக்கோட்டையிலேர்ந்து துரைக்கண்ணுவ வரவழைச்சுப்புடுவேன். அவன் பாடுனா தேங்கா உதிருது.”

மேடை போனால் வீரையனுக்கு எல்லாமே போன மாதிரி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டான். காத்தாயி முறத்தில் குருணை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, எம்பாட்டைக் கேட்டா எல்லாரும் ஏன் தூங்குறாங்க?”

“தூங்காம? அது நான் பாடுன மெட்டுல்ல. நீ கைப்புள்ளையா இருந்தப்ப வரப்பு மரத்துல தூளியக் கட்டிப்புட்டு நடவுல எறங்குவேன். நாத்து நடுற கைக்கும் தோதா இருக்கணும், தூளியில கெடக்குற நீயும் கண்ணு மூடணும். ரெண்டுக்கும் சேத்து ஒரே மெட்டு. எங்க செட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் அதான். இந்தத் தெருவுல அந்த மெட்டக் கேட்டுத் தூங்காம வளர்ந்தவன் எவன் இருக்கான்?”

“இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நீ கேட்டியா? சங்கத்துக்குப் பாட்டுன்னுதான சொன்னே. தூங்கிட்டுப் போவட்டும், பாவம், நாளெல்லாம் ஒழைச்ச சனம்னு நெனைச்சேன்.”

அன்றிலிருந்து வீரையன் கோபப் பயிற்சி தொடங்கினான். பச்சைமிளகாயைக் கடித்துவிட்டுப் பாடினான். கண்ணில் தண்ணீர் வந்து, பாட்டு முன்னைவிட உருக்கமாகிவிட்டது. ஆற்றங்கரைக்குப் போய், மேய வந்த வாத்துக் கூட்டத்தின் முன் நின்று கர்ஜித்தான். வாத்துகள் கழுத்தை முதுகில் செருகிக்கொண்டு கண்ணை மூடின. வாத்துக்காரன் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான்: “தம்பி, பொழுதோட இதுகளை ஊர் சேக்கணும். நீங்க அந்தாண்ட போய்ப் பாடுங்க.” மகன் தனியாகச் சத்தம் போடுவதைப் பார்த்த காத்தாயி, காற்றுக் கருப்பு என்று பயந்து, ஐயனார் கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து நெற்றி நிறையப் பூசிவிட்டாள்.

கடைசியில் மைக் செட் ஜெய்னுலாபுதீனிடம் போனான். சங்கக் கூட்டம், ஆளுங்கட்சிக் கூட்டம், மாரியம்மன் திருவிழா, பள்ளிவாசல் விசேஷம், அக்ரகாரத்துக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டாரத்தில் அவருடைய ஒரே குழாய்தான் கத்தும்.

“பாய், எம்பாட்டுல கோவம் வரமாட்டேங்குது.”

“உன் பாட்டுல எதுக்குடா கோவம் வரணும்? கேக்குறவனுக்கு வந்தாப் போதும்ல? கோவம் வரவேண்டிய ஆளு அந்தாண்ட அக்ரகாரத்துல உக்காந்திருக்காரு. குழாய இந்தாண்ட கட்டி நம்ம சனத்தையே தூங்க வைக்கிறே. அப்புடியே திருப்பிக் கட்டிருவமா?”

வீரையனுக்கு இது பெரிய உபாயமாகத் தோன்றியது. மிராசுதார் சந்தானகிருஷ்ணன் கேட்கட்டும், நடுங்கட்டும். இராஜாங்கமும் சம்மதித்தார். பேச்சுவார்த்தைக்கு முந்தின நாள் மாலை, ஜெய்னுலாபுதீன் வாய்க்கால் கரைத் தென்னையில் ஏறி, குழாயின் வாயை அக்ரகாரத்துக்கு நேராகத் திருப்பிக் கட்டினார்.

அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. சந்தானகிருஷ்ணனுக்கும் அவர் மனைவி காமுவுக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் குழந்தை இல்லை. திருக்கருகாவூர் அம்மன் சந்நிதிப் படியை நெய்யால் மெழுகி வேண்டிக்கொண்ட பிறகு ஒரு பெண் பிறந்தாள். மங்களாம்பிகை என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அழ ஆரம்பித்தால் நிறுத்தாது, அவ்வளவுதான். டாக்டர் பார்த்தார், மந்திரித்தார்கள், திருஷ்டி கழித்தார்கள். காமு திருவையாற்றுப் பெண். தியாகராஜ உற்சவம் கேட்டு வளர்ந்தவள். தெரிந்த கீர்த்தனையெல்லாம் பாடிப் பார்த்தாள். கீர்த்தனைக்குக் குழந்தை இன்னும் உச்ச ஸ்தாயியில் பதில் சொன்னது. புருஷனும் மனைவியும் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்து, ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாலையும் அழுகை ஆரம்பித்த வேளையில் குழாய் வழியாக வந்தது:

“அரைப்படி நெல்லு கேட்டோம் – நாங்க
ஆகாசத்தையா கேட்டோம்?”

குழந்தை நிறுத்தியது. விக்கியது. கொட்டாவி விட்டது. தூங்கிவிட்டது.

காமு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தானகிருஷ்ணன் ஊஞ்சலில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடினார். பாட்டு முடிந்தது. “நண்டுவாக்காலியே! நயவஞ்சக நரியே! நாட்டைக் கெடுக்கும் நச்சுப் பாம்பே!” என்று இராஜாங்கத்தின் குரல் வெடித்தது. செங்கொடிச் சங்கத்தில் இருந்தாலும், ஆளுங்கட்சிக்காரர்கள் பேசிப் பேசி அடுக்குமொழி அவரையும் தொற்றியிருந்தது. குழந்தை வீறிட்டு எழுந்தது.

சந்தானகிருஷ்ணன் ஊஞ்சலிலிருந்து எழுந்தார். மேல்துண்டு போடவும் மறந்து, இடுப்பு வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கு ஓடினார்.

கூட்டம் அவரைப் பார்த்தது. மிராசுதார் தனியாக, செருப்பில்லாமல், தலைமுடி பறக்க ஓடிவருகிறார். தகராறுக்குத்தான் வருகிறார் என்று நினைத்து எல்லோரும் எழுந்தார்கள். போலீஸ்காரர் விழித்துக்கொண்டு லத்தியைத் தேடினார்.

மரப்பாலத்தின் மறுமுனையில் நின்று சந்தானகிருஷ்ணன் இரண்டு கையையும் கூப்பினார்.

“அந்தப் பாட்டை... இன்னொரு தடவை பாடச் சொல்லுங்கோ.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

“எந்தப் பாட்டை?” என்றார் இராஜாங்கம்.

“அரைப்படிப் பாட்டு. குழந்தை தூங்கறது. அதுக்குத்தான் தூங்கறது. நீங்க பேசினேள், முழிச்சுண்டுடுத்து.”

இராஜாங்கத்தின் முகம் சிவந்தது. “இது சூழ்ச்சி. நாளைக்கிப் பேச்சுவார்த்தை. இன்னிக்கி நம்ம பாட்டை அவரு வீட்டுத் தாலாட்டா ஆக்கிப்புட்டா நாளைக்கி நம்மள எவன் மதிப்பான்? பாடாதே தம்பி.”

“தோழரே, ஒரு ஆளு எந்திரிச்சு வரணும்னு சொன்னீங்களே. அவரு எந்திரிச்சு வந்திருக்காரே?” என்றான் வீரையன், பாதி நம்பிக்கையோடு.

“அது கணக்குல வராது! நல்லாக் கேட்டுக்க. இப்ப நீ பாடுனா, இனிமே சங்க மேடையில கால் வைக்கக் கூடாது. துரைக்கண்ணு வருவான்.”

வீரையன் மைக்கைப் பிடித்தபடி நின்றான். மிராசுதார் திறந்துபோட்டுவிட்டு வந்த வாசல் வழியாக, வாய்க்காலைத் தாண்டிக் குழந்தையின் அழுகை தெளிவாகக் கேட்டது. இத்தனை வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் கேட்டதெல்லாம் அதட்டல்தான். அழுகை கேட்டதில்லை. அவன் அம்மாவைப் பார்த்தான்.

காத்தாயி கூட்டத்தின் நடுவிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏங்க ராசாங்கம் அண்ணே, அந்தப் பச்சைமண்ணா நம்ம கூலியக் கொறைச்சுது? தொண்டை கட்டிப்போவுங்க அதுக்கு.”

“அக்கா, இது வர்க்கப் பிரச்சனை.”

“இருக்கட்டுங்க. அதைத் தூங்க வச்சுப்புட்டுப் பேசுவோம்.”

பெண்கள் எல்லோரும், “ஆமாங்க, பாடட்டும்ங்க” என்றார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். வீரையன் கண்ணை மூடிக்கொண்டான். மேடை போகட்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டான். பாடினான். இந்த முறை, இதுவரை மேடையில் பாடாத இரண்டாம் சரணத்தையும் சேர்த்துப் பாடினான்:

“தூளியில புள்ளை அழ – நான்
தூக்க வந்தாக் குத்தமின்னான்.
சேத்துக்குள்ள காலு நிக்க – என்
செவி மட்டும் கரையேறும்.”

அழுகை நின்றது. சந்தானகிருஷ்ணன் பாலத்திலேயே உட்கார்ந்து, கைப்பிடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டது அந்தப் போலீஸ்காரர். அந்த ராத்திரி பந்தோபஸ்து டைரியில் அவர் என்ன எழுதியிருப்பார் என்பது தெரியவில்லை.

மறுநாள் காலையில் வீரையன் தாலுக்கா ஆபீசுக்குப் போகவில்லை. இராஜாங்கம் கூப்பிடவும் இல்லை. அவன் கொல்லையில் உட்கார்ந்து, இனி என்ன செய்வது என்று கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்தானகிருஷ்ணன் வீட்டிலோ விடிந்ததிலிருந்து அரைப்படிதான். இரண்டே தடவை கேட்டிருந்தாலும் காமுவுக்கு மெட்டு பிசகாமல் பிடிபட்டுவிட்டது. குழந்தை சிணுங்கினால் அரைப்படி, பால் கொடுக்கும்போது அரைப்படி. காப்பி ஆற்றிக்கொண்டே பாடினாள். பாடிக்கொண்டு வந்தவள் இரண்டாம் சரணத்தில் நின்றாள்.

“ஏன்னா, குழந்தை அழறச்சே தூக்க வந்தாக் குத்தம்னு யார் சொன்னா?”

சந்தானகிருஷ்ணன் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார். “பாட்டுன்னா ஆயிரம் இருக்கும்.”

“உங்களைத்தான் கேக்கறேன். நம்ம வயல்ல அப்படி யாராவது சொன்னாளா?”

“காரியஸ்தன் சொல்லியிருப்பான்.”

“காரியஸ்தன் யார் பேச்சைக் கேக்கறவன்?”

பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. காமு குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, மிகவும் மெதுவாகச் சொன்னாள்: “இவ ஒரு நாழி அழுதா எனக்கு உசிர் போயிடறது. அவாளுக்கு எப்படி இருந்திருக்கும்?”

காப்பியைக் குடிக்காமலே அவர் வண்டியேறினார்.

தாலுக்கா ஆபீசில் நடுவில் தாசில்தார், ஒருபுறம் இராஜாங்கமும் சங்கத்து ஆட்களும், மறுபுறம் மிராசுதார்கள். கொடுக்கக் கூடாது என்பதில் மிகவும் உறுதியாக இருந்தவர் பக்கத்து ஊர்ச் சாம்பசிவம். தாசில்தார், “உங்க கோரிக்கையைச் சொல்லுங்க” என்றார். இராஜாங்கம் எழுந்து, “அரைப்படி நெல்லு கேட்டோம்...” என்று தொடங்கினார்.

“...நாங்க ஆகாசத்தையா கேட்டோம்” என்று முடித்தது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

சந்தானகிருஷ்ணன் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்ப்பதை உணர்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“என்ன ஓய், நீர் எந்தப் பக்கம்?” என்றார் சாம்பசிவம்.

“தூக்கத்துப் பக்கம் ஓய்,” என்றார் சந்தானகிருஷ்ணன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “நான் கொடுத்துடறேன். அரைப்படிதானே. இன்னொண்ணும் எழுதிக்கோங்கோ. குழந்தை அழுதா வயல்லேருந்து கரையேறலாம். என் நிலத்துல யாரும் தடுக்க மாட்டா.”

இராஜாங்கம் பேச எழுந்தவர். கையில் மூன்று பக்கத்துக்கு அடுக்குமொழி எழுதி வைத்திருந்தார். ஒன்றுக்கும் தேவையில்லாமல் போய்விட்டது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மற்ற மிராசுதார்கள் உடனே இளகிவிடவில்லை. சாம்பசிவம் சாயங்காலம் வரை கத்தினார். ஆனால் கதிர் வயலில் முற்றி நிற்கிறது, ஒருவர் கொடுத்தால் ஆட்கள் அங்கேதான் போவார்கள், சங்கமும் விடப்போவதில்லை. அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவராக முனகிக்கொண்டே சம்மதித்தார்கள். ஆலங்கோட்டகத்தில் அரிவாள் எடுத்தார்கள். கதிரை மட்டுமே அறுத்தார்கள். அதற்காக இன்றும் தெய்வத்துக்கு நன்றி சொல்லலாம்.

அறுவடை பாதி முடிந்த ஒரு பிற்பகலில் இராஜாங்கம் காத்தாயி வீட்டு வாசலில் வந்து நின்றார். வீரையன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான். பிறகு, நாமெல்லாம் இனி அப்படிக் கட்ட வேண்டியதில்லை என்று இராஜாங்கமே மேடையில் சொன்னது நினைவு வந்து, தோளில் போட்டுக்கொண்டான்.

“துரைக்கண்ணுவ வரவழைச்சேன்,” என்றார் இராஜாங்கம். “நல்லாத்தான் பாடுனான். இடி மாதிரி. வடக்குத்தெருக் கூட்டத்துல கைப்புள்ளைங்க எல்லாம் ஒரே சமயத்துல அழுதுச்சு. பொம்பளைங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. பின்னாடியே ஆம்பளைங்களும் போயிட்டாங்க. நானும் அவனும் தனியா நின்னோம்.”

“ஐயோ பாவம்,” என்றாள் காத்தாயி, உண்மையாகவே.

“தம்பி,” இராஜாங்கம் தொண்டையைக் கனைத்தார். இரண்டு முறை சிறைக்குப் போன மனிதருக்கு அடுத்த வார்த்தை கஷ்டமாக இருந்தது. “அன்னிக்கி நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். மேடை உன்னுதுதான்.”

அந்தச் சமயத்தில் தெருமுனையில் சைக்கிள் மணி அடித்தது. ஜெய்னுலாபுதீன் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார்.

“வீரையா, காமு அம்மா உன்னைப் பாத்துச் சொல்லிட்டு வரச் சொன்னாங்க. அரைப்படிக்கு இப்பல்லாம் புள்ளை தூங்க மாட்டேங்குதாம். பழகிப்போச்சாம். பாடுனா கை தட்டிச் சிரிக்குதாம். ஐயரும் மறுபடி ஊஞ்சல்ல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அடுத்த கோரிக்கை என்னன்னு கேட்டாங்க.”

வீரையன் இராஜாங்கத்தைப் பார்த்தான். இராஜாங்கம் காத்தாயியின் குடிசையைப் பார்த்தார். அது நின்ற மண், அந்தத் தெருவில் எல்லாக் குடிசைகளும் நின்ற மண், சந்தானகிருஷ்ணனுடையது. எப்போது வேண்டுமானாலும் காலி செய் என்று சொல்லலாம்.

“மனைக்கட்டு,” என்றார் இராஜாங்கம். “குடியிருக்குற மண்ணு குடியிருக்குறவனுக்குச் சொந்தம்.”

ஜெய்னுலாபுதீன் கண்ணை அகல விரித்தார். “அரைப்படிக்கே மனுசன் மேல்துண்டு இல்லாம ஓடிவந்தாரு. இதுக்கு என்ன ஆவாரோ?”

“அவரு என்ன ஆவாருங்கிறது இருக்கட்டும் பாய்,” என்ற இராஜாங்கம் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, ஊர் அவரிடம் இதுவரை பார்த்திராத ஒன்று அவர் முகத்தில் மெல்ல வந்தது. மீசை இரண்டு பக்கமும் ஏறிற்று. “தம்பி, கட்டு. எனக்கு முன்னாலயே கட்டு. மெதுவாக் கட்டு, நல்லாத் தூக்கம் வர்ற மாதிரி.”

காத்தாயி உள்ளே போய் அவருக்கு ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து போட்டாள்.